சத்தம் அளக்க வந்தவள்

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது. என் கணவர் ஆல்பின் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் எஸ்தர் ஓசூரில் இருக்கிறாள், இந்தப் பக்கம் வருவதில்லை. வடக்கனந்தலுக்கு வெளியே இந்த வீட்டில் நான் மட்டும்தான். எதிரே இருக்கிற புறம்போக்கில், கல்வராயன்மலைக்குப் போகும் பேருந்துகளுக்காகப் புது பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். தினம் நாலு முகம் பார்க்கலாம். தண்ணீர் கேட்டு ஒருத்தியாவது படியேறுவாள்.

அதற்கு முன்னால் சுற்றுச்சூழல் ஆய்வாம். புகை, மரம், சத்தம் எல்லாம் பார்த்துத்தான் இந்தப் புறம்போக்கா, சந்தைப் பக்கமா என்று முடிவு செய்வார்களாம். சத்தம் அளக்க சுபஸ்ரீ என்றொரு பெண் வந்து என் வாசலில் கருவியை நிறுத்தினாள். கருவி பக்கத்தில் யாரும் தன்னோடு பேசக் கூடாது, பேசினால் அதுவும் பதிவாகிவிடும். மற்றபடி வழக்கம்போல இருங்கள் என்றாள்.

வழக்கம்போலவா? நான் டீச்சராகவே கிழடு தட்டினவள். இன்ஸ்பெக்ஷன் என்றால் வகுப்பு மூச்சு விடக் கூடாது, அப்போதுதான் நல்ல பெயர். என் வீட்டால் பஸ் ஸ்டாண்டு தவறிப் போனால்? டிவியை நிறுத்தினேன். கோழிகளைப் பிடித்து அடைத்தேன். உரக்கப் பேசிக்கொண்டே வந்த பால்காரர் தங்கதுரையை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினேன்.

கொடுமை அதில்லை. எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் ஒருத்தி வந்திருக்கிறாள், நான் வாயைத் திறக்கக் கூடாது! டீ கொடுத்தேன், தலையாட்டினாள். சோறு போட்டேன், சிரித்தாள். எந்த ஊர், அம்மா சுகமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் ஜீப் வந்தது, கருவியோடு ஏறிப் போய்விட்டாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரி தமிழரசன் அறிக்கையைப் படித்தார். உத்தேசித்த இடத்துக்கு எதிரே வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். அங்கே சத்தம் ரொம்பக் குறைவு. பஸ் ஸ்டாண்டு வந்தால் அவர் நிம்மதி கெடும். ஆகவே சந்தைப் பக்கத்து இடமே நல்லது என்றார். என்னைக் காப்பாற்றுகிறார்களாம்!

மைக்கை வாங்கினேன்.

"அன்னிக்கு நான்தாங்க எல்லாத்தையும் அடக்கி வெச்சேன். சத்தம் கம்மியா இருந்தா பாஸுன்னு நெனச்சிக்கினேன். இன்னொரு வாட்டி வந்து வைங்க, நாள்பூரா கத்திக்கினே கெடக்கறேன்."

மண்டபம் சிரித்தது. தமிழரசன் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்.

"சத்தம் வந்தா உங்களுக்குத் தூக்கம் வராதும்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"இப்ப மட்டும் வருதாங்க? பஸ்ஸுக்கு நிக்கறவங்க பேச்சு காதுல வுழுந்தா தூங்கிடுவேன்."

அவர் குனிந்து எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் சந்தைப் பக்கம்தான் வேலை ஆரம்பித்தார்கள். நான் பேசியதில் ஒன்றே ஒன்றை மட்டும் அக்கறையாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: எனக்குத் தூக்கம் வருவதில்லை. என் வாசலுக்கு எதிரே 'ஒலி எழுப்பாதீர்' என்று பலகை நட்டுவிட்டுப் போனார்கள். அதுவரை என் வீட்டு வளைவில் ஹாரன் அடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மலை பஸ், இப்போது சத்தமே இல்லாமல் போகிறது.