பதினான்கு இடங்களில் கசிவு இல்லை

மாமா எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது அவர் கையில் ஓரடி ஸ்கேல் இருந்தது. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஊரிலிருக்கும் எண்ணெய் கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரி. நானோ அதே கம்பெனியைப் பற்றி எழுதும் நிருபர். குடும்பத்தில் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட யாருக்கும் தைரியம் கிடையாது.

ஒரு வருஷத்துப் பேப்பர்களை ஆசிரியரின் மேஜையில் பரப்பினார்.

"எங்களைத் திட்டி எழுதினது எழுநூத்தி முப்பது சென்டிமீட்டர் சார். நல்லதா வந்தது நாலு. அந்த நாலும் நாங்க காசு குடுத்துப் போட்ட விளம்பரம்."

எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. மழை பெய்தது என்று எழுதிக்கொண்டு போனால், மழையிடம் விளக்கம் கேட்டாயா என்பார். நியாயம் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மனிதர் உருகிவிடுவார். மாமாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"கசிஞ்சா மறுநாளே கொட்டை எழுத்துல போடுறீங்க. கசியாத நாளைப் பத்தி என்னிக்காவது ஒரு வரி போட்டீங்களா?"

தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

பத்து நிமிஷத்தில் ஒப்பந்தம் தயார். இரண்டாம் பக்கத்தில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கட்டம். அது கம்பெனியின் இடம். கசியாத செய்தியைத் தினமும் அவர்களே எழுதி அனுப்புவார்கள். நாங்கள் அதில் ஒரு கமாவைக்கூடத் தொடக் கூடாது. முப்பது நாள் விடாமல் நிரப்பிவிட்டால், கம்பெனி ஒழுங்கு, நான்தான் வன்மத்தில் எழுதுகிறேன் என்று முடிவாகிவிடும். என்னை வானிலைப் பக்கத்துக்குத் தூக்கிப் போடுவார்கள்.

ஆறு வருஷம் சாக்கடை ஓரங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து சம்பாதித்த வேலை அது. அதை ஒரு ஸ்கேலைக் காட்டிப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார், அதுவும் சொந்த மாமா.

முதல் நாள் கட்டத்தில் 'நேற்று கசிவு இல்லை' என்று மூன்றே சொற்கள் வந்தன. மீதியெல்லாம் வெள்ளை. படித்தவர்களுக்கெல்லாம் சந்தேகம் வந்துவிட்டது. எதையோ மறைக்கிறார்கள் என்று டீக்கடைவரை பேச்சு. கேட்டு வாங்கிய இடத்தை ஒழுங்காக நிரப்பத் தெரியாதா என்று பொது மேலாளர் மாமாவைக் காய்ச்சி எடுத்தார். மாமா மண்டையைப் பிய்த்துக்கொண்டு, மறுநாள் எட்டு சென்டிமீட்டரையும் நிரப்பி அனுப்பினார்.

'துறைமுகக் குழாயில் கசிவு இல்லை. மூன்றாம் தொட்டியில் கசிவு இல்லை. நூலகத்துக்குப் பின்னால் செல்லும் குழாயில் கசிவு இல்லை. பள்ளி மைதானத்துக்கு அடியில் செல்லும் குழாயில் கசிவு இல்லை.' இப்படியே பதினான்கு வரிகள்.

காலை ஏழு மணியிலிருந்து எங்கள் போன் ஓயவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மைதானத்துக்கு அடியில் குழாயா?

குழாய்கள் எந்த வழியாகப் போகின்றன என்று ஆறு வருஷமாக நான் மனு மேல் மனு போட்டிருக்கிறேன். பாதுகாப்புக் காரணம் என்று ஒவ்வொரு முறையும் கையை விரித்தார்கள். மாமா அதை நியாயத்தின் பெயரால், எழுத்துப் பிழை இல்லாமல், இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

மைதானத்து வரியை எடுத்துவிடலாமா என்று பொது மேலாளர் கேட்டாராம். "தாராளமா எடுங்க," என்றார் தராசு. "ஆனா நேத்து வரைக்கும் கசியலை, இன்னிக்கு என்ன ஆச்சுன்னு ஜனங்க கேப்பாங்க." வரி இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன் பிறகு ஊர் அந்தக் கட்டத்தை ராசிபலன் மாதிரி படிக்க ஆரம்பித்தது. அவரவருக்கு அவரவர் வரி. முடிவெட்டும் கடையில் சத்தமாக வாசித்தார்கள். வீட்டுத் தரகர் ஒருவர் தன் தெருவின் வரியை வெட்டி வாசலில் ஒட்டிவைத்தார். மாமாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னை எங்கே பார்த்தாலும், "நாளைக்கு மழை வருமா?" என்று கேட்டார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களை எண்ணினேன்.

இருபத்தேழாம் நாள் மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் கட்டத்துக்கான மேட்டர் வந்தது. எட்டாவது வரி இருந்தது. பத்தாவது வரி இருந்தது. நடுவில் ஒரு வரி அளவுக்கு வெற்றிடம். அங்கே இருக்க வேண்டியது பூங்காத் தெருக் குழாய். பூங்காத் தெருவில்தான் மாமாவின் வீடு.

"மறந்திருப்பாரு," என்றார் பக்கம் வடிவமைப்பவர். "நேத்து வரியையே எடுத்துப் போட்டுடட்டுமா?"

நான் மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஒரு வரி குறையுது."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நான் அனுப்பினது அவ்வளவுதான்மா."

"பூங்காத் தெரு?"

"கமாகூடத் தொடக் கூடாதுன்னு பேச்சு. ஞாபகம் இருக்கில்ல?" வைத்துவிட்டார்.

தராசு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவங்க இடம். வந்த மாதிரியே போடுங்க," என்றார். அக்காவைக் கூப்பிட்டு விசாரிக்க எனக்குக் கை துறுதுறுத்தது. கேட்டால் மாமாதான் மாட்டிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

காலை ஆறரைக்கே பூங்காத் தெரு முழுக்க வாசலில் நின்றது, கையில் பேப்பரோடு. ஒருவர் சாக்கடை மூடியைத் தூக்கினார். தண்ணீர் மேல் வண்ண வண்ணமாக எண்ணெய்ப் படலம். கம்பெனி ஆட்கள் முந்தின நாள் மதியமே தெருமுனையில் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் போன இடத்தையும் கண்டுபிடித்தார்கள். நான் படம் எடுத்தேன்.

ஒன்பது மணிக்குப் பொது மேலாளர் தராசுக்குப் போன் செய்தார்.

"உங்க ஆளுங்க எங்க வரியை விட்டுட்டாங்க. திருத்தம் போடணும்."

"கண்டிப்பா போடுறோம்," என்றார் தராசு, வெண்ணெய் மாதிரிக் குரலில். "பூங்காத் தெருவுல கசிவு இல்லைன்னு எழுதி, கீழே நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நாளைக்கே அதே இடத்துல வரும்."

கையெழுத்து வரவில்லை. இருபத்தெட்டாம் நாள் கட்டத்துக்கும் ஒன்றும் வரவில்லை. என் வேலை என்னிடமே இருந்தது. மாமாவின் வேலைதான் போனது. கம்பெனிக் கிடங்கில் சாக்குகளை எண்ணும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரே மேஜையில் எனக்கும் மாமாவுக்கும் சாப்பாடு வைத்தாள் அக்கா. எனக்குப் போட்டதில் பாதிகூட அவர் தட்டில் விழவில்லை.

"நேத்து ராத்திரி இதே வீட்டுல, பக்கத்துலதான்டி படுத்திருந்தாரு," என்றாள் என்னிடம். "வாயைத் திறக்கலை. காலையில பேப்பர் பார்த்துத் தெரிஞ்சுக்கிறேன் நான்."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மேலாளர் சொன்னாரு," என்றார் மாமா. "நான் யார்கிட்டயும் சொல்லலையே."

"நான் யாரோவா?"

"உனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டா, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அது நியாயமா?"

அக்கா கரண்டியை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். மாமா குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். இருபது வருஷம் அந்தக் கம்பெனிக்காகப் பேசியே பிழைத்த மனிதர். ஆறு வருஷமாக நான் அவரை மனதுக்குள் கூசாமல் திட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.