நீலம் பூசிய அடிக்கட்டைகள்

துளைக்கருவியைத் திருகி மரத்துக்குள் இறக்கிவிட்டு, காளான் மேடம் உள்ளிருந்து சதையை மெதுவாக இழுத்தாள். பென்சில் கனத்தில் ஒரு குச்சியாக வரவேண்டும். இரண்டு விரல் நீளத்துக்கு நல்ல மரமாக வந்தது. அதற்கப்புறம் ஊறிய பஞ்சைப் போல நார்நாராகப் பிய்ந்தது. தட்டை ஏந்தி நின்றவள் அதை வாங்கி வைத்து எண் சீட்டு ஒட்டினாள். கீழ்க்காட்டில் இன்று துளைத்த பதினாலாவது மரம். பதினாலும் இப்படித்தான். வெளியிலிருந்து ஒரு குறை சொல்ல முடியாது. போட்டோ எடுக்க நிறுத்திவைத்த மாதிரி விறைப்பாக, பச்சையாக நின்றன.

தட்டு ஏந்தியவளை எல்லோரும் நீலக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். மரம் சாய்ந்ததும் அடிக்கட்டையின் ஈரம் காய்வதற்குள் மருந்து பூசுவது அவள் வேலை. மரத்தைச் சாய்க்கிற ரம்பக்காரன் அவள் புருஷன். பூசாமல் விட்ட கட்டையில் காற்றில் வரும் பூஞ்சைத் தூள் விழுந்தால் வேருக்குள் இறங்கிவிடும். வேரும் வேரும் உரசுகிற இடத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவும். அப்படியே அடுத்தது, அதற்கடுத்தது. மருந்து என்றால் பெரிய மாயமில்லை, தண்ணீரில் கரைத்த யூரியா. பூசியது எது, பூசாதது எது என்று மேஸ்திரி தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ள அதில் நீலச்சாயம் கலப்பார்கள். இருபது வருஷமாக அந்த நீலம் அவள் நகக்கண்ணை விட்டுப் போனதில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது மேடம் வரைபடத்தை மடியில் விரித்தாள். பட்டணத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து இரண்டு மாதமாகக் காட்டில் அலைகிறவள். மரத்தடிச் சருகை விலக்கி, மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாகத் தட்டுப்போல ஒட்டியிருக்கும் அந்தப் பூஞ்சையின் காளானைக் கண்டால் மண்டிபோட்டுவிடுவாள்.

"பழைய காட்டுலயும் இது இருக்கு. ஆனா அங்க இருபது ஜாதி மரம் கலந்து நிக்குது. செத்த கட்டையத் தின்னுட்டு அது பாட்டுக்குக் கிடக்கும். இங்க ஒரே ஜாதிய வரிசையா நட்டு வெச்சிருக்கோம், பந்தி போட்ட மாதிரி."

"பந்தியில உக்காந்தவன் பாதியில எந்திரிப்பானா மேடம்?"

மேடம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. வரைபடத்தில் கீழ்க்காடு முழுக்க, நோய் கண்ட இடமெல்லாம் சிவப்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு பழைய அடிக்கட்டை.

"எல்லாக் கட்டைக்கும் மருந்து பூசினதா பதிவேட்டுல இருக்கு. பூசியும் பிடிச்சிருக்குன்னா மருந்து கேக்கலன்னுதான் அர்த்தம். அதே மருந்துதான் மேல்காட்டுக்கும். அப்ப அதையும் நம்ப முடியாது. திங்கக்கிழமை அறிக்கை குடுக்கணும். ரெண்டையும் மொத்தமா வெட்டச் சொல்லித்தான் எழுதணும்."

"வெட்டிட்டா நாங்க?"

மேடம் வரைபடத்தை மடித்தாள். மரமில்லாத காட்டில் நாற்பது வீட்டு ஆள்களை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்?

நீலக்காரிக்கு அந்தச் சிவப்பு வட்டங்களில் ஒன்றுகூடப் புதிதில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தி, நெருக்கம் குறைக்க ஊடே ஊடே மரம் சாய்த்த வெட்டு அது. அந்த வருஷம் குடியிருப்புக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் காய்கறி போட்டிருந்தார்கள். மண் செத்த மண். யூரியா மூட்டை கொட்டகையில் சும்மா கிடந்தது. மரத்துக்குப் போடுவதை முட்டைக்கோசுக்குப் போட்டால் என்ன என்று தோன்றியது. கட்டைக்கு, துணிக்குப் போடுகிற நீலத்தைத் தண்ணீரில் கலக்கிப் பூசினாள். மேஸ்திரி தூரத்திலிருந்து பார்த்தார், நீலம் தெரிந்தது, டிக் அடித்தார். வெட்டிப்போட்ட கட்டைக்கு வைத்தியம் எதற்கு என்றுதான் அன்று நினைத்தாள். செத்ததன் வழியாக உயிரோடிருப்பது சாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் புருஷனுக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். ரம்பத்தின் அதிர்வு வருஷக்கணக்கில் ஏறி அவன் விரல்கள் மரத்துப்போயிருந்தன. குளிர் பட்டால் மெழுகு மாதிரி வெளுத்துவிடும்.

"சொல்லிரலாம்னு பாக்குறேங்க."

"எத?"

"யூரியா போன இடத்த. கீழ்க்காட்டுல மருந்தே பூசலன்னு தெரிஞ்சா, மேல்காட்டையாவது துளைச்சுப் பாத்து விட்டுவெப்பாங்க."

"நம்மள?"

அவள் அடுத்த பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"வேலை போகும். வேலை போனா வீடு போகும். நாப்பது வீட்டுக்காக நம்ம வீட்டக் குடுக்கப்போற, அப்படித்தானே? மிச்ச முப்பத்தொம்பது பேரும் ஓடி வருவாங்க பாரு, நம்ம சாமான வண்டியில ஏத்த. சீக்கிரம் ஏத்துனா சீக்கிரம் தொலைவோம்ல."

"தெரியாமலா சொல்றேன்?"

"இந்தக் கைக்கு எவன்டி வேலை குடுப்பான்?" இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு தானாகவே இறக்கிக்கொண்டான். "கடைசிப் பொத்தான் இருக்கு. கழட்டிவிட்டுட்டு என்ன வேணா பண்ணு."

காலையில் அவள் சொன்னாள். மேடம் திட்டவில்லை, மருந்தில் பழுதில்லை என்றதில் முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்றுகூட வந்தது. சொன்னதை அப்படியே எழுதினாள், படித்துக் காட்டினாள், கையெழுத்து வாங்கினாள். "வாங்க, மேல்காட்டுக்குப் போகலாம்" என்று கருவிப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். நீலக்காரி அவள் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

மேல்காட்டு மேஸ்திரி வழிகாட்ட வந்தார். முதல் மரத்தில் கருவி இறங்கியது. நார்நாராக வந்தது. ஒரு மரம் அப்படித்தான் இருக்கும் என்று மேடம் வேறு வரிசைக்குப் போனாள். பிறகு சரிவுக்கு. ஏழாவது மரத்தில் குச்சி வரவே இல்லை. பழுப்புத் தண்ணீர் மட்டும் துளை வழியாகக் கசிந்தது.

"இங்கயாவது மருந்து பூசினாங்களா இல்லையா?" மேடம் மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். நீலக்காரியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இவங்க தோட்டத்துல மட்டுமா கோசு விளைஞ்சுது மேடம்? எங்களுது ஒண்ணொண்ணும் தவலை சைசு."

மேடம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கருவியில் ஒட்டியிருந்த நாரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம்," என்றாள் நீலக்காரி. "நான் கையெழுத்துப் போட்ட காகிதம். அது இனி எதுக்கு? கிழிச்சிருங்களேன்."

மேடம் நிமிராமல் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரிவின் கீழிருந்து காற்று ஏறி வந்தது. பெரிய காற்றில்லை. மரங்களின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நீலக்காரியின் காலடியில் சருகு போர்த்திய தரை, அழுகிப் பிடிவிட்ட வேரோடு சேர்ந்து, தூங்குகிற மாட்டின் விலா மாதிரி மெல்ல மேலே எழும்பியது. அவளையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. மரம் நிமிர்ந்ததும் அடங்கியது. அவள் காலை எடுக்காமல் நின்றாள். அடுத்த காற்று வந்தபோது இன்னும் கொஞ்சம் கூடுதலாக எழும்பியது.