வெட்டினாலும் தெரியாத நடனம்

ஒத்திகையில் ராய் கெண்ட்ரிக், நடனக்காரி ஒசெல்லாவின் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டான். அவன்தான் படத்தின் நாயகன். மூன்று நாள் விடுப்பில் கரையிறங்கிய மாலுமியாக நடிக்கிறான். துறைமுக மதுக்கடை செட்டில் இருந்த விளக்குக்காரர்கள்கூட விசிலடித்தார்கள். நடன இயக்குநர் கார்சன், "இதுதான்யா வேணும்!" என்று குதித்தார்.

மறுநாள் அந்தச் சுற்று இல்லை. மேசையில் உட்கார்ந்திருந்த ராயைத் தனியாகப் படம் பிடித்தார்கள். ஒசெல்லா ஆடாத நேரத்தில், வெறும் சுவரைப் பார்த்து அவன் கைதட்டிச் சிரித்தான்.

"என்ன சார், அவர் என்கூட ஆடலையா?" என்று ஒசெல்லா கேட்டாள்.

கார்சன் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெற்கு மாநிலங்கள்ல தியேட்டர்காரங்க கறுப்புப் பொண்ணு ஆடுறதைப் போட மாட்டாங்கம்மா. நீ தனியா இருந்தா அந்தத் துண்டை மட்டும் எடுத்துடுவாங்க. கதை பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். எனக்கு மட்டும் பிடிச்சா செய்யறேன்?"

ஒசெல்லா கவுண்டர்மேல் ஏறி ஆடினாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படி ஆடியதில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள்.

அது உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம்; ஒசெல்லாவின் கணவன் லின்வுட் நிஜமாகவே கடற்படையில் இருந்தான். பீரங்கி சுடலாம் என்று சேர்ந்தவனை, கறுப்பன் என்பதால், அதிகாரிகளுக்கு உணவு பரிமாற வைத்திருந்தார்கள். தொலைபேசியில், "நான் படத்துல வர்றேன், லின்" என்று மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அவன் சந்தோஷப்பட்டுக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

தெற்கிலுள்ள நார்ஃபோக் துறைமுகத்தில் அந்தப் படம் வந்தபோது லின்வுட் சமையலறைத் தோழர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். பக்கவாட்டுப் படியேறி, கறுப்பர்களுக்கென்று விட்டிருந்த மாடியில் உட்கார்ந்தார்கள். "இப்ப வருவா, பாருங்கடா" என்று அவன் முன்னால் சாய்ந்தான். நாயகனும் நண்பர்களும் மதுக்கடைக்குள் நுழைந்தார்கள். எக்காளம் ஒரே ஒரு முறை ஒலித்தது. உடனே அவர்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் தோழர்களில் ஒருவனான கிளியோஃபஸ் ஆரம்பித்தான். "மாப்ளே, உன் பொண்டாட்டி மேசைக்கு அடியில ஒளிஞ்சிருந்தாளா?"

"வாயை மூடுடா."

"இல்லடா, எக்காளம் ஊதினது அவதானோன்னு கேட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். லின்வுட் அடுத்த காட்சிக்கும் தனியாக உட்கார்ந்தான், கண்ணிமைத்துத் தவறவிட்டோமோ என்று.

விடுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுக்கு வந்தவனை ஒசெல்லா, கறுப்பர்கள் வாழும் சென்ட்ரல் அவென்யூவில் இருந்த தியேட்டருக்கு அழைத்துப் போனாள். அங்கே வெட்டாமல் ஓடியது. அவள் திரையில் வந்ததும் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. லின்வுட் மட்டும் எழவில்லை.

வெளியே வந்ததும், "நல்லா ஆடின" என்றான்.

"அவ்வளவுதானா?"

"அந்த வெள்ளைக்காரன் உன்னைப் பார்க்கவே இல்ல. வேற எங்கயோ பார்த்துக் கை தட்டறான்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஆடின அன்னிக்கே."

அவன் நின்றுவிட்டான். "ஆறு பேரைக் கூட்டிட்டுப் போனேன், ஒசெல்லா. கப்பல்ல இன்னும் சிரிக்கிறானுங்க. தூக்கிப் போடறதுக்குன்னே எடுக்கறாங்கன்னு தெரிஞ்சும் இளிச்சிட்டு ஆடியிருக்கியே!"

"நீ என்ன பண்றியாம்? பீரங்கின்னு சொல்லிட்டுப் போன. தட்டுதானே தூக்கற? ஒரு நாளாவது நான் அதைக் கேட்டிருப்பேனா?"

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அங்கே கோபம்கூட இல்லை. தொப்பியைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டான். விடுப்பு முடியும் முன்பே ரயிலேறிவிட்டான்.

போர் முடிந்தது. அவன் வருவான் என்று ஒசெல்லா சமையலறைக்கு வெள்ளையடித்து வைத்தாள். வந்தவன் கிளியோஃபஸ். வாசலிலேயே நின்றான்.

"லின்வுட் ஓக்லாண்ட்லயே இறங்கிட்டான்மா. துறைமுகத்துல மூட்டை தூக்கறான். நல்லாத்தான் இருக்கான்."

"எப்போ வருவானாம்?"

"வர்ற மாதிரி தெரியலம்மா" என்றான் கிளியோஃபஸ்.

"தட்டு தூக்கறன்னு நான் சொன்னதுக்காகவா?"

"உன்னைப் பத்திக் கேட்டா பேச்சை மாத்திடறான். நான் அன்னிக்கு அப்படிக் கேலி பண்ணியிருக்கக் கூடாதும்மா."

"உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் ஒசெல்லா.

அவனுக்குப் பரிமாறினாள். அன்று மாலை, அவள் வழக்கமாக ஆடும் கிளப்பில் அவளுக்கு ஆட்டம் இருந்தது. போய் ஆடினாள்.