அத்திப்பாலில் உறைந்தது

விவசாய இலாகாவில் சேஷனுக்கு 'சீஸ் சேஷன்' என்று பெயர். பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிட வேண்டாம், மனிதர் சீஸை நாக்கில் வைத்ததே கிடையாது. மதராஸிலிருந்தோ பங்களூரிலிருந்தோ துரைமார் திருவனந்தபுரம் வந்தால், காரில் ஏற்றிக்கொண்டு போய் நெடுமங்காடு, விதுரா, கல்லாறு என்று மலையடிவாரத்துப் பால்பண்ணைகளைச் சுற்றிக் காட்டி, அங்கே செய்கிற சீஸ் கட்டிகளை ருசி பார்க்க வைத்துத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் உத்தியோகம். எந்தக் கட்டி எத்தனை மாதம் கிடந்தது, எதில் மிளகு சேர்த்தது, எதைக் கள்ளில் கழுவியது என்று இங்கிலீஷில் பிளந்துகட்டுவார். துரைமார் தின்பார்கள். சேஷன் நாலடி தள்ளி நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்வார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இந்தப் பண்ணைகளில் பாலை உறைய வைக்க ஊற்றுவது மோர் அல்ல, கன்றுக்குட்டியின் இரைப்பையை ஊறவைத்த தண்ணீர். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து, தினமும் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போகிறவர் அதை எப்படித் தின்பார்?

கல்லாற்றுப் பண்ணையை நடத்தியவர் சத்தியதாஸ், நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர். துரைமார் ருசி பார்த்து முடிக்கும் வரை அவரும் சேஷனும் ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசுவார்கள். இலாகாவில் பல்லைக் காட்டிப் பழகுகிறவர்கள் ஏராளம், மனசு விட்டுப் பேச சேஷனுக்கு இருந்தது இந்த ஒருவர்தான். சேஷனின் மனைவி பாகீரதி டைபாயிடில் படுத்து எழுந்தபோது, தினமும் முதல் பஸ்ஸில் ஒரு தூக்குப் பால் அனுப்பியவரும் அவரே. பாலுக்குத் தீட்டு இல்லை என்று வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல், அந்தப் பண்ணையில் சேஷன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஒரு நாள் பேச்சுவாக்கில், "அந்தக் கன்னுக்குட்டி சமாசாரம் மட்டும் இல்லேன்னா, உம்ம கையால ஒரு துண்டு நானும் தின்னு பாத்துடுவேன் ஓய்" என்று சொல்லி வைத்தார். சும்மா மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. சொன்னவர் மறந்துவிட்டார், கேட்டவர் மறக்கவில்லை.

மகாராஜா கோயில் கதவுகளைத் தாழ்ந்த சாதியாருக்கும் திறந்துவிட்ட மறு வருஷம் அது. ஒரு தேயிலைத் துரையும் துரைசானியும் வந்திருந்தார்கள். நெடுமங்காட்டில் சவுக்காரம் மாதிரி ஒன்றைத் தின்று முகம் சுளித்தார்கள். விதுராவில் மிளகுக் கட்டியைத் தின்றுவிட்டுத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார்கள். கல்லாற்றில், மூங்கில் தட்டில் மாதக்கணக்காய்க் கிடந்து மஞ்சளேறிய கட்டியை வாயில் போட்டதும் துரைசானி கண்ணை மூடிக்கொண்டாள். துரை இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

சத்தியதாஸ் சேஷனை மெல்லத் தொழுவத்துக்குப் பின்னால், ஆற்றையொட்டிய மேட்டுக்குக் கூட்டிப்போனார். வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டிய சின்னப் பொதி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"சாரே, இது சாருக்குன்னே தனியாட்டு செஞ்சது. கன்னுக்குட்டி சமாச்சாரம் இதில கிடையாது. அத்திக்காய்ப் பாலு ஊத்தி உறைய வச்சேன். முதல்ல செஞ்சதெல்லாம் ஒரே கசப்பு, பன்னிக்குப் போட்டேன். இப்பதான் பாகம் வந்தது. நான் அடுப்பில ஏத்துனா சாருக்கு ஆவாதே, அதனால ஏத்தல்ல, கேட்டேளா. வெயில்ல வச்சு சூடாக்குன பாலு. புது மண்சட்டி."

"கையிலே என்ன ஓய் இத்தனை புண்ணு?"

"அத்திப்பாலு பட்டா தோலு உரியும் சாரே. அது ஆறிப்போவும். சார் தின்னுட்டு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அது போதும் எனக்கு."

உள்ளேயிருந்து துரை கூப்பிடவே சத்தியதாஸ் ஓடினார். சேஷன் பொதியைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது, பால் வாசனை தவிர வேறு வாசனையே இல்லை. அவருக்கு எச்சில்கூட ஊறியது. ஒரு துணுக்கைக் கிள்ளி வாய் வரை கொண்டுபோனார். அங்கே கை நின்றுவிட்டது. அத்திப்பால் சரி, வடிகட்டிய துணி எது? அறுத்த கத்தி எது? சத்தியதாஸ் பொய் சொல்லமாட்டார் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தொண்டை ஒப்பவில்லை. கிள்ளியதைத் திரும்ப ஒட்டி, இலையை மடித்து, நாரை இறுகக் கட்டி, மேட்டிலிருந்து பொதியை ஆற்றில் போட்டார். கூடவே ஒரு கல்லை வைத்துக் கட்டத் தோன்றவில்லை, கெட்டிக்காரர்.

அவர் சுற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது, சத்தியதாஸ் ஆற்றங்கரையில் குனிந்து தட்டுகளை அலசிக்கொண்டிருந்தார்.

"எப்படி சாரே?"

"தேவாமிர்தம் ஓய். ஒரு துணுக்கு விடாம தின்னுட்டேன்."

சத்தியதாஸின் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு சந்தோஷத்தைச் சேஷன் அந்த முகத்தில் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொதி மிதந்து வந்தது. கட்டிய நார்கூட அவிழவில்லை. கரைக்கல்லில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, சத்தியதாஸின் கையிலிருந்த தட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

சத்தியதாஸ் தட்டை விலக்கி அதற்கு வழிவிட்டார். பிறகு தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்து, "மேல மழை பெய்யுது போல. சார் வேகம் கிளம்பணும், ரோடு வழுக்கும்" என்றார். ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டிருந்தால் சேஷன் அங்கேயே அழுதிருப்பார்.

காரில் துரைசானி என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தாள். சேஷனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஒரு வாய் தின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து தலை முழுகியிருந்தால் தீர்ந்தது. அவ்வளவுதானே? அதுகூட முடியாமல் போயிற்றே என்று மருகினார். அதன் பிறகு எத்தனையோ நாள் குளத்தில் முங்கும்போதெல்லாம் அவருக்கு அந்த ஆறு நினைவுக்கு வந்தது.

அடுத்த முறை கல்லாற்றுக்குப் போனபோது மனதைக் கல்லாக்கிக்கொண்டே போனார். கார் நின்றதும் துரைமாரை விட்டுவிட்டு நேரே சத்தியதாஸிடம் போய், "ஓய், அந்த அத்திப்பால் கட்டி ஒண்ணு தாரும். உம்ம முன்னாலேயே திங்கறேன்" என்றார்.

"அது இப்ப செய்யறதில்ல சாரே" என்று சத்தியதாஸ் சிரித்தார். "சாருக்கு வேற ஏற்பாடு செஞ்சு வச்சிருக்கேன்."

அவர்கள் வழக்கமாக உட்காரும் பாறையைக் காட்டினார். அதன்மேல் சீவாத இளநீர் ஒன்றும் பக்கத்தில் ஓர் அரிவாளும் இருந்தன.

"பக்கத்து வீட்டு நாயர் பறிச்சு வச்சது சாரே. அரிவாளும் அவங்க வீட்டுதுதான். நான் தொடல்ல. சார் கையாலயே வெட்டிக்கிடலாம்."

அந்தக் குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் சேஷன் தாங்கியிருப்பார். சத்தியதாஸ் துரைமாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். சேஷன் பாறையில் உட்கார்ந்து இளநீரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இளநீர் வெட்ட அவருக்குத் தெரியாது.