தகரத் தவளை

கூடத்தில் இரண்டு பேரும் கிடக்கிறார்கள், அவர் மல்லாந்து, அந்த நாய் பக்கத்தில் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு, அடுப்பில் என் பால் சட்டியில் கோழி ஈரல் கொதிக்கிறது, எத்தனை தடவை சொல்லியாயிற்று பால் சட்டியைத் தொடாதீர்கள் என்று, நான் முதுகைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறேன், திரும்பிப் பார்த்தால் சிரித்துவிடுவேனோ என்று திரும்பாமல் இருக்கிறேன், இல்லை, அது பொய், எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, எழுதும்போதாவது உள்ளதைச் சொல்ல வேண்டும்.

மோட்டார் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோது அவருக்குப் பிடித்த கிறுக்கு அது, கைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரி சின்னப் பெட்டியை அழுத்தி நாய்க்கு வித்தை பழக்குகிறாள், கிளிக்கர் என்கிறாள், இது நம்ம கோனியம்மன் தேருக்கு விக்கற தகரத் தவளைதான அம்மிணி என்று பரண்மேல் கிடந்த பழைய பெட்டியைக் குடைந்து ஒன்றை எடுத்தார், வயிற்றை அமுக்கினால் டிக் என்னும் பச்சைத் தவளை. நாய் சரியாகச் செய்யும் அந்த நொடியில் ஒரு டிக், உடனே ஒரு துண்டு ஈரல், கை தவறி அமுக்கினாலும் துண்டைக் கொடுத்தே ஆக வேண்டும், டிக் என்றால் வாக்கு என்பார், அடி வேண்டாம் திட்டு வேண்டாம், சுக்கு தானாகவே புரிஞ்சுக்கும். சுக்கு என்பது நாயின் பெயர், தெருவிலிருந்து வந்த காய்ந்த பழுப்பு நிறச் சனியன். உட்காரக் கற்றது, முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கும்பிடக் கற்றது, நாற்காலியைச் சுற்றி வரக் கற்றது. ஏனுங், முப்பத்தாறு வருசத்துல எனக்கு ஒரு டிக் உண்டுங்களா என்று கேட்டேன், சிரித்தார், சிரித்ததோடு சரி, தவளை நாய்ப் பக்கமே திரும்பியிருந்தது.

கடைசியாகப் பழக்கியதுதான் சாவது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் வாய் தவறிச் சொன்னாலே நான் வாசலில் நிறுத்திவைத்து மாற்றிச் சொல்ல வைப்பேன், அதற்காகவே அந்தச் சொல்லைப் பொறுக்கி எடுத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, போறேன் அம்மிணி, பொத்தென்று விழுவார், சுக்கு பக்கத்தில் விழும், கைக்குள் இருக்கும் தவளையை அவர் அமுக்கும்வரை இரண்டும் மூச்சுக் காட்டாது, டிக், இரண்டும் எழும், ஒன்று வாலை ஆட்டும், ஒன்று பல்லைக் காட்டும்.

அன்றைக்கும் போறேன் அம்மிணி என்றுதான் கேட்டது. பொத், பொத். நான் திரும்பாமலே, போங்க, போய்த் தொலைங்க, சட்டியக் கழுவி வெச்சுட்டுப் போங்க என்றேன். பிறகு டிக்குக்காகக் காத்திருந்தேன், டிக் கேட்டதும் சொல்ல இன்னும் ஒரு திட்டு நாக்கில் தயாராக இருந்தது, வெங்காயம் முடிந்தது, பூண்டு உரித்தேன், அது கேட்கவில்லை என்பதே எனக்குத் தோன்றவில்லை, தண்ணீர் வற்றி ஈரல் தீய்ந்த வாடை வந்ததும் சட்டிக்காகச் சண்டை போடத்தான் கூடத்துக்குப் போனேன். விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு என்று டாக்டர் கேட்டார், இப்பத்தானுங்க என்றேன். சட்டிக்குத் தெரியும், நாய்க்குத் தெரியும்.

அவரைக் குளிப்பாட்டும்போது அவருடைய அக்கா, நான் நங்கையா என்று கூப்பிடுகிறவள், விரல்களைப் பிரித்துத் தவளையை எடுத்து என்னிடம் நீட்டினாள், இதென்ன அம்மிணி, கொழந்தை சாமான். முந்தானையில் முடிந்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து, இழவு வீட்டில் யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்ல மாட்டார்கள், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும், அதனால் ஒவ்வொருவராக எழுந்து போறேன் என்கிறார்கள், சொல்லச் சொல்ல நாய் பொத்தென்று விழுகிறது, வெகுநேரம் கிடந்துவிட்டுத் தலையைத் தூக்கி ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் என் கையைப் பார்க்கிறது, அடுத்தவர் போறேன் என்கிறார், மறுபடியும் பொத். வாயில்லாச் சீவன், என்ற தம்பி போன துக்கத்துல எப்படி உழுந்து கெடக்குது பாரு என்று நங்கையா தேம்புகிறாள், எல்லோரும் கண்ணைத் துடைக்கிறார்கள், அது ஈரலுக்காகச் சாகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கருமாதி முடிந்து நங்கையா நாயைக் கேட்டாள், தோட்டத்துல கட்டி வெச்சுக்கறேன், தம்பி நெனப்பா இருக்கட்டும். கொண்டுபோங்க, எனக்கு அதன் மூஞ்சியைப் பார்க்கவே ஆகலீங்க என்றேன், அது நிசம், அதுவரை நிசம். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள், கடைசியா என்ன சொன்னான் அம்மிணி. எதும் சொல்லலீங்க நங்கையா. சரி, போறேன் என்றாள், அழுத குரலில், கனமாக, விளையாட்டே இல்லாமல், நாய் வாசற்படியில் விழுந்தது.

அப்போதுதான் என் பிடி கழன்றது. அத்தனை நாளும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்கு நாய் விழுந்ததே, அப்படியானால் அவர் சொன்னது விளையாட்டுக் குரல்தான், நாயைப் பார்த்துச் சொன்னதுதான், சாவு அதற்குப் பிறகு வந்தது, நான் தொலைங்க என்றது ஒரு விளையாட்டுக்குத்தான் என்று. யார் சொன்னாலும், எந்தக் குரலில் சொன்னாலும் விழுகிற நாயை எதற்குச் சாட்சி வைப்பது. சங்கிலியை நங்கையாவின் கையிலிருந்து பிடுங்கினேன், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே, அது இங்கயே கெடக்கட்டும் என்றேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள், இன்றுவரை பேசுவதில்லை, அந்தக் கடைசிச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான், நானும் அந்தச் சனியனும், அதை எப்படி அனுப்புவேன்.

கூடத்தில் இரண்டு பேரும் கிடக்கிறோம், நான் மல்லாந்து, அந்த நாய் பக்கத்தில் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு, போறேன் என்று நான்தான் சொன்னேன், அவர் விளையாட்டில் சொல்வதுபோல நெஞ்சைப் பிடித்து ஒரு தடவை, யாரையும் பார்க்காமல் ஒரு தடவை, இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் விழுந்தது. தரை குளிர்கிறது, அடுப்பில் ஈரல் கொதிக்கிறது, சமையலறையில் திட்ட ஆளில்லை, கைக்குள் தவளை வியர்க்கிறது. அமுக்குகிறேன், டிக். நாய் எழுந்து என்னைத் தாண்டி, அவர் விழுந்த இடத்தை முகர்ந்துவிட்டு, என் கைக்கு வருகிறது. வாக்கு வாக்குதான், துண்டு எடுக்க அடுப்படிக்குப் போகிறேன். எத்தனை புளி போட்டுத் தேய்த்தும் பால் சட்டியின் அடியில் அந்தக் கறுப்பு வட்டம் அப்படியே இருக்கிறது.