நான் உட்கார்ந்ததும் எழுந்த பாலம்

என் ஆயுளில் ஒரே ஒரு முறை நான் ஒரு கான்கிரீட் பாலத்தைத் தூக்கியிருக்கிறேன். கையால் அல்ல, தோளாலும் அல்ல. சும்மா உட்கார்ந்தேன்; அது எழுந்துகொண்டது. பாலத்தின் மேல் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். ஆனால் முதல் இடம் கிடைக்காது. அதில் என் சிநேகிதன் ஓவர்சியர் இட்டிச்சன் எப்போதோ துண்டு போட்டுவிட்டான். அந்தப் பாலமே அவன் மேற்பார்வையில் கட்டியது. அளந்து பார்க்காமல் அவன் எதையும் நம்ப மாட்டான். பெண் பார்க்கப் போனபோதே அளவு நாடாவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான்.

என் தங்கை விலாசினியின் மகள் அம்பிளிக்குக் கல்யாணம். ஆவணி மாதம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு நான் நிழலில் உட்கார்ந்திருக்கும் உத்தியோகத்தில் அப்போது இருந்தேன், உடற்பயிற்சி ஆசிரியர் குறுப்பு. நான் ஏறினால் எடை பார்க்கும் இயந்திரம் சீட்டு தராது, மன்னிப்புக் கேட்கும்.

கல்யாணம் காயலின் நடுத்திட்டில் இருக்கும் கோயிலில். அங்கே சாலை கிடையாது. பொன்னப்பனின் கெட்டுவள்ளத்தில், அதாவது கூரை போட்ட பெரிய படகில், பெண்ணும் உறவும் இட்டிச்சனும் சமையல் சாமானும் பாயசச் சருவங்களும் ஏறிக் கிளம்பினோம். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றுவதற்காகப் பொன்னப்பன் அந்த வள்ளத்தின் பனம்பாய்க் கூரைக்கு நடுவில், இரும்புக் குழாயை வளைத்து ஒரு மகுடம் பற்றவைத்திருந்தான். வள்ளத்தைவிட அவனுக்கு அந்த மகுடத்தின் மேல்தான் பாசம் அதிகம்.

பதினொன்றுக்கு முகூர்த்தம். தவறினால் மாப்பிள்ளையின் தாய்மாமன் ராகவப் பணிக்கர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை, பெண் வீட்டார் வாசலில் பூனை தும்மியது என்று முறித்த மனிதர். அம்பிளிக்கோ அந்தப் பையனைத் தவிர வேறு யாரும் வேண்டாம். மூன்று வருஷம் வீட்டோடு மல்லுக்கட்டி வாங்கிய கல்யாணம் அது.

முந்தின இரவு கிழக்கே மலையில் பெய்த மழை எங்கள் தோட்டுக் கால்வாயில் வந்து நின்றுவிட்டது. எப்போதும் ஓர் ஆள் கை தூக்கினாலும் எட்டாத இட்டிச்சனின் பாலம் அன்று தலைக்கு மேலேயே தொங்கியது. பொன்னப்பன், "போயிடும், போயிடும்," என்றான். முன்பக்கம் போனது. மகுடம் போகவில்லை. உத்தரத்தின் அடியில் போய் 'கிர்ர்' என்று மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து வெள்ளம் தள்ளியதால் வள்ளத்தைப் பின்னுக்கு இழுக்கவும் வழியில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஜனங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பிறந்த குழந்தை நடக்கப் பழகுவதற்கு முன்னால் வள்ளத்திலிருந்து இறங்கப் பழகிவிடும். வள்ளம் சேற்றில் தட்டி நின்றால் யாரும் யாரையும் கேட்பதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பொத் பொத்தென்று குதித்துவிடுவார்கள். பாரம் குறையும், வள்ளம் மிதக்கும். ஆயிரம் வருஷப் பழக்கம்.

அன்றைக்கும் வள்ளம் நின்றது. நாங்களும் குதித்தோம்.

பாலத்தின் காலை ஒட்டிய கல்கட்டில் முதலில் ஆண்கள் இறங்கினார்கள். வள்ளம் அசையவில்லை. "பொம்பளைங்களும் இறங்குங்க!" என்று இட்டிச்சன் உத்தரவு போட்டான். அவர்களும் இறங்கினார்கள். அசையவில்லை. அரிசி மூட்டை இறங்கியது, வாழைக்குலை இறங்கியது, பாயசம் தளும்பத் தளும்ப இறங்கியது. மகுடம் உத்தரத்தில் இன்னும் நன்றாகப் பதிந்து உட்கார்ந்தது. பெண்ணை மட்டும் இறக்கவில்லை. புறப்பட்ட பெண் வழியில் கால் வைக்கக் கூடாது என்று விலாசினி சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தாள்.

"மகுடத்தை அறுத்துடலாம்," என்றேன்.

பொன்னப்பன் அரிவாளைத் தன் கழுத்துக்கே காட்டினான். "முதல்ல இத அறுங்க சாரே. அப்புறம் அத அறுங்க."

"வேற வள்ளம் பாருங்கடா!"

"எல்லாம் வள்ளங்களிப் பந்தயத்துக்குப் போயிருக்கு. இன்னைக்கு ஊர்ல மிதக்கறது வாத்து மட்டும்தான்."

பாலத்தின் மேல் கூட்டம் கூடிவிட்டது. வந்த பேருந்து வேடிக்கை பார்க்க நின்றது. ஓட்டுநர் இறங்கினார், நடத்துநர் இறங்கினார், பயணிகள் இறங்கினார்கள், ஒருவர் ஆட்டோடு இறங்கினார். ஆளுக்கொரு யோசனை. எண்ணெய் ஊற்று என்றார் ஒருவர். பாலத்துக்கு வெடி வை என்றார் இன்னொருவர். இட்டிச்சன் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் பேருந்துக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

இட்டிச்சன் பேப்பரில் ஏதோ கணக்குப் போட்டான். "குறுப்பே, இன்னும் பாரம் குறைக்கணும். இன்ஜினக் கழட்டி இறக்குவோம்."

"இன்ஜின இறக்கிட்டு? காயல நான் நீந்தி இழுக்கணுமா?"

"நீ நீந்தினா காயல் கரைய விட்டு வெளிய போயிடும்."

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்பிளியின் குரல் வந்தது. "அம்மாவா!" தாய்மாமனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவையும் நகையுமாக இருந்த பிள்ளையின் தலையெல்லாம் கூரைத் தூசி. மல்லிகைப் பூவே தெரியவில்லை.

"என்னடி இது கோலம்?"

"ஒவ்வொருத்தரா இறங்கறப்பவும் கூரை முனகுது அம்மாவா. முனகினா தூசி கொட்டுது. பெரியம்மா இறங்கினப்ப ஒரு பிடி. அரிசி இறங்கினப்ப ரெண்டு பிடி. நீங்க இறங்கினப்ப..." நிறுத்தினாள்.

"சொல்லு."

"ஒரு கூடை."

"அதுக்கு?"

"அதுக்கா? நாம பாலத்துக்கு அடியில மாட்டிக்கிட்டிருக்கோம் அம்மாவா, சேத்துக்கு மேல இல்ல! நீங்க இறங்க இறங்க வள்ளம் மேல ஏறுது. தயவுசெஞ்சு எல்லாரும் ஏறித் தொலைங்க!"

தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்ந்து, சாகும்போது தொண்டையில் ஊற்றுவதும் அதே தண்ணீர்தான் என்று இருக்கிற நாங்கள் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்தோம். ஏறினால் தாழும், இறங்கினால் உயரும். வாத்துக்குக் கூடத் தெரியும். இட்டிச்சன் பேப்பரை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நான் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றான்.

"நீ இன்ஜினக் கழட்ட வந்தேடா."

அரிசி ஏறியது. பாயசம் ஏறியது. உறவு ஏறியது. மகுடம் கொஞ்சம் தளர்ந்தது, ஆனால் விடவில்லை. இறங்குவதற்கு முன்னாலும் மாட்டித்தானே இருந்தது? இன்னும் பாரம் வேண்டும். நான் பாலத்தைப் பார்த்துக் கைகூப்பினேன். "வேடிக்கை பார்க்கறவங்க எல்லாம் இறங்கி வாங்க! கல்யாணச் சாப்பாடு உண்டு!"

மக்கள் வந்தார்கள் பாருங்கள்! ஓட்டுநர் வந்தார், நடத்துநர் டிக்கெட் பையோடு வந்தார், பேருந்து முழுக்க வந்தது, ஆடு வந்தது. பக்கத்துக் கள்ளுக்கடையில் இருந்தவர்கள் பாதிக் குவளையோடு வந்தார்கள். வெடி வைக்கச் சொன்னவரும் வெட்கத்தை விட்டு வந்தார். கோயில் யானையை அழைத்து வரட்டுமா என்று பாகன் ஒருவன் கரையிலிருந்து கேட்டான். நான் இருக்கும்போது யானை எதற்கு என்று அனுப்பிவிட்டேன்.

வள்ளத்தின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் மிச்சம். மகுடம் இன்னும் உத்தரத்தை உரசிக்கொண்டிருந்தது. இட்டிச்சன் கூரையோரம் நின்றுகொண்டு, வலது கையை உயர்த்தி உள்ளங்கையை உத்தரத்தின் அடியில் பதித்திருந்தான்.

"நீ என்ன செய்யறே, முட்டுக் கொடுக்கறியா?"

"அளவு பாக்கறேன். இன்னும் ஒரு விரற்கடை வேணும். யாராவது பாக்கியா?"

எல்லோரும் கல்கட்டைப் பார்த்தார்கள். கல்கட்டில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

அந்த நேரத்தில் என் உடம்பு எனக்கே ஒரு கோயில் தேர் போலத் தோன்றியது. ஒரு காலை வைத்தேன், வள்ளம் முனகியது. மறு காலை வைத்தேன், ஆடு கத்தியது. மகுடத்துக்கு நேர் கீழே, அம்பிளிக்கு எதிரில், நாற்காலி வேண்டாமென்று தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பாலம் எழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்முன்னே அந்த உத்தரம், சாலை, பேருந்து எல்லாம் மரியாதைக்கு எழுந்து நிற்பதைப் போல மேலே போயின. மகுடம் சத்தமில்லாமல் நழுவியது. வெள்ளம் எங்களை ஒரே தள்ளாகத் தள்ளி அந்தப் பக்கம் துப்பியது. இட்டிச்சனின் கை மட்டும் உயர்த்தியபடியே, எதையும் தொடாமல், காற்றில் நின்றது.

"பார்த்தியா, தூக்கிட்டேன்!" என்றேன்.

"பாலம் அசையாதுடா. நான் கட்டினது. வள்ளம் தாழ்ந்துச்சு, அவ்வளவுதான்." திட்டு வரைக்கும் அவன் இதையே சொல்லிக்கொண்டு வந்தான். ஆட்டுக்கும் விளக்கினான்.

கோயில் படித்துறையில் பணிக்கர் நின்றிருந்தார். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரமே மிச்சம். வள்ளத்திலிருந்து பெண்ணுக்கு முன்னால் பேருந்து நடத்துநரும் கள்ளுக்கடைக்காரர்களும் இறங்குவதைப் பார்த்ததும் அவர் மீசை தனியாகத் துடித்தது.

"என்ன குறுப்பு சாரே, வழியில என்ன நடந்துச்சு? சரியான காரணம்னா பெண்ணு உள்ள வரட்டும். இல்லேன்னா வந்த வழியே போகட்டும்."

அம்பிளி என் கையைப் பிடித்தாள். மண்டபத்தில் மாலையோடு நின்ற பையன் இந்தப் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தான். அவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாலத்துல தட்டிச்சு. நான் உட்கார்ந்தேன். பாலம் மேல போச்சு. வந்துட்டோம்," என்றேன்.

"எங்களப் பாத்தா கிறுக்குப் பிடிச்சவங்க மாதிரி இருக்கா?" பணிக்கர் இட்டிச்சன் பக்கம் திரும்பினார். அவர் வீட்டுக்கு அஸ்திவாரம் அளந்து கொடுத்தவன் அவன். அவன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதையும் அவர் நம்ப மாட்டார். "ஓவர்சியரே, நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சு? ஒருவேளை பெண்ணு வந்த வள்ளம் தாழ்ந்து கீழ்ந்து போச்சா? அப்படி ஒரு அபசகுனம்னா இப்பவே சொல்லிடுங்க."

இட்டிச்சன் வாயைத் திறந்தான். மூடினான். அம்பிளியின் தலையில் இருந்த தூசியைப் பார்த்தான். மண்டபத்துப் பையனைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

"வள்ளமா?" என்றான். தன் வலது உள்ளங்கையை விரித்துப் பணிக்கருக்குக் காட்டினான். உத்தரத்தின் சுண்ணாம்புக் கறை இன்னும் அதில் ஒட்டியிருந்தது. "நான் பாலத்து அடியில இந்தக் கைய வச்சுக்கிட்டு நின்னேன் பணிக்கரே. இவன் உட்கார்ந்தான். பாலம் என் கைய விட்டு மேல போயிடுச்சு. நடந்தது நடந்ததுதான்."