சம்பந்தியின் துப்பாக்கி

மகள் அனுப்பிய படத்தைத் தோட்டாக் கடைக்காரர் முதலில் மேலோட்டமாகத்தான் பார்த்தார். அவருடைய சம்பந்தி, தன் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். ‘மாமா இன்னிக்கு சுட்டுப் பாக்கப் போறாராம். காலையிலேருந்து வீட்ல ஒரே அமர்க்களம்’ என்று கீழே எழுதியிருந்தாள். சிரித்தபடி படத்தைப் பெரிதாக்கினார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. குழல் முழுக்க, தண்ணீர் வடிந்த மணலில் இருப்பதுபோல வரிவரியாகச் சுழிகள்.

டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, காய்ச்சித் தட்டி ஒட்டவைத்தது. அடிமுதல் நுனிவரை ஒட்டுதான். மெதுவாக எரியும் கரிமருந்துக் காலத்துக்கு அது போதும். வேகம் மிகுந்த இந்தக் காலத்துத் தோட்டாவைத் தாங்கினாலும் தாங்கும். தாங்காவிட்டால் குழல் கிழியும், கீழே தாங்கிப் பிடித்திருக்கும் இடது கையோடு. அந்தத் தோட்டாவை நேற்று எடுத்துக் கொடுத்தவர் அவரேதான்.

பழைய துப்பாக்கி என்று யார் சொன்னாலும், குழலைக் கண்ணால் பார்க்காமல் அவர் தோட்டா கொடுக்கமாட்டார். அதற்காகவே அவருக்கு ‘மாமியார்’ என்று கடைத்தெருவில் பட்டப்பெயர். ஆனால் நேற்று வந்தவர் சம்பந்தி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார். லைசென்ஸில் ‘இரட்டைக்குழல்’ என்று மட்டும் இருந்தது. குழலைக் காட்டச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒருகணம் நாக்கு எழுந்தது. பெண்ணைக் கொடுத்த இடம். நம்பவில்லை என்று நினைத்துவிட்டால்? நாக்கை மடித்துக்கொண்டார்.

போனை யாரும் எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை விரட்டினார். வழியெல்லாம் காது மட்டும்தான் உடம்பில் மிச்சமிருந்தது. எங்கோ ஒரு லாரி டயர் வெடித்ததற்கே கைப்பிடி நழுவியது. சம்பந்திக்கு ஏதாவது ஆகிவிட்டால், ‘உங்க அப்பா குடுத்த தோட்டாதானே’ என்று அந்த வீட்டில் ஒருவரும் மகளிடம் கேட்கமாட்டார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள். அந்தக் கேட்காமையோடு அவள் தினமும் அவர்களுக்குச் சோறு பரிமாற வேண்டியிருக்கும். அதை நினைத்தபோதுதான் கண் கலங்கியது.

வீட்டின் பின்புறத்தில் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். சம்பந்தி மண்மேட்டைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

“விரலை எடுங்க!”

வாழ்க்கையில் முதல்முறையாகச் சம்பந்தியை அதட்டினார். சம்பந்தி திரும்ப முயன்றார்.

“திரும்பாதீங்க! குழல் வாய் மண்மேட்டுப் பக்கமே இருக்கட்டும்.”

“வாங்க சம்பந்தி,” என்றார் அவர் அசையாமல். “பொண்ணைத் தங்கமா குடுத்தீங்க. தோட்டாவை மட்டும் சொத்தையா குடுத்துட்டீங்களே. ஒண்ணு டொக்குன்னு சத்தம் போட்டுட்டுப் படுத்துக்கிச்சு. இப்பதான் அடுத்ததை இழுக்கப் போனேன்.”

கடைக்காரர் பின்னால் வந்து துப்பாக்கியைத் தன் கைக்கு மாற்றி, குழலுக்கு அடியில் கை போகாமல் மரக்கட்டையை ஒட்டிப் பிடித்து, மண்மேட்டை நோக்கியே நின்றார். உடனே திறக்கக் கூடாது. வெடிக்காத தோட்டா சில சமயம் யோசித்து, தாமதமாக வெடிக்கும்.

“எவ்ளோ நேரம்பா இப்படி?” என்றாள் மகள்.

“சும்மா இரு. உள்ள போ.”

அவள் போகவில்லை. மூன்று பேரும் மண்மேட்டையே பார்த்தபடி நின்றார்கள். ஒரு குருவி மண்மேட்டில் இறங்கி எதையோ கொத்திவிட்டுப் போனது.

பிறகு, தோட்டாவைக் குத்தத் தயாராக நின்ற இன்னொரு குழலின் சுத்தியலை மெல்ல இறக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, துப்பாக்கியை மடித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்தார். ஒன்றின் அடியில் சின்னப் பள்ளம். சுத்தியலின் கிழட்டு ஸ்பிரிங், குத்தியும் குத்தாமலும் விட்டிருந்தது. இன்னொன்று புதுக் கருக்கோடு இருந்தது. வெறுங்குழலை வெளிச்சத்துக்குக் காட்டி, உள்ளே துரு அரித்த குழிகளைச் சம்பந்தியைப் பார்க்கச் சொன்னார். குழலின் ஒட்டைப் பற்றியும் மருந்தின் வேகத்தைப் பற்றியும் சொன்னார். கடைசியில், “நேத்தே நான் கேட்டிருக்கணும். உங்க முகம் வாடுமோன்னு விட்டுட்டேன்,” என்றார்.

சம்பந்தி குழலுக்குள் இன்னொருமுறை எட்டிப் பார்த்தார்.

“கேட்டிருந்தா வாடித்தான் இருக்கும்,” என்றார் பிறகு. “சாயங்காலத்துக்குள்ள சரியாப் போயிருக்கும். இப்ப இதை என்ன பண்றது?”

“சுவத்துல மாட்டுங்க. காலியா, உசரத்துல. அழகுக்கு இதுமாதிரி கிடைக்காது.”

“பல்லு புடுங்கின பாம்பா?”

“பாம்பு உங்களைக் கடிக்காம விட்டுச்சே, அதுக்காவது மாட்டுங்க மாமா,” என்றாள் மகள். சம்பந்திதான் முதலில் சிரித்தார். கடைக்காரருக்குச் சிரிப்பு வருவதற்குள் மூச்சு வந்தது. பின்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மகள் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழங்கள் கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை இடது உள்ளங்கையில் ஏந்தி உரிக்கத் தொடங்கினார். தோல் அறாமல் நீளமாகச் சுருண்டு இறங்கியது. “எடுத்துக்குங்க சம்பந்தி,” என்று சுளைகளை நீட்டினார். கடைக்காரர் சுளையை எடுக்கவில்லை. நாரும் சாறும் ஒட்டி ஈரமாக விரிந்திருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.